லிக்னின் பசை பிளைவுட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் கட்டிவரும் வீட்டிற்கு அலமாரிகளும் சமையலறைப் பெட்டிகளும் செய்ய இருக்கிறோம். கடையில் ஒரு பிளைவுட்டைக் காட்டி, "இது மரத்திலிருந்தே எடுத்த லிக்னின் பசையில் ஒட்டியது, ஃபார்மால்டிஹைடு துளியும் கிடையாது" என்று சொல்லி, விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். மகளுக்கு ஆஸ்துமா இருப்பதால் யோசிக்கிறோம். வாங்கலாமா?

பதில்: லிக்னின் பசை என்பது உண்மையிலேயே இருக்கும் பொருள்தான். மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு லிக்னின்; நார்களைப் பிணைத்து மரத்துக்கு உறுதி தருவது அதுவே. காகித ஆலைகளில் மரக்கூழ் வேகும்போது வெளியேறும் கருநிறக் கரைசலிலிருந்து அதைப் பிரித்து, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பீனால் என்ற வேதிப்பொருளுக்குப் பதிலாகப் பசையில் சேர்க்கிறார்கள். பின்லாந்தில் இத்தகைய பசையில் பிளைவுட் வணிக அளவிலேயே தயாராகிறது.

ஆனால், கடைக்காரர் சொன்ன இரண்டு செய்திகளும் ஒன்றல்ல. லிக்னின் பீனாலைவிட மந்தமாக வினைபுரிவதால் பெரும்பாலும் பீனாலின் ஒரு பகுதிக்கு மட்டுமே அது மாற்றாகிறது. அந்தப் பசையை இறுகச் செய்ய ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் வழக்கம்போலச் சேர்க்கப்படுகிறது. ஆகவே "லிக்னின் இருக்கிறது" என்பதிலிருந்து "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்ற முடிவுக்கு வர முடியாது. ஃபார்மால்டிஹைடு இல்லாமலும் பசை தயாரிக்க முடியும் என்றாலும், அதற்குரிய ஆய்வக அறிக்கையைத் தயாரிப்பாளர் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை கவலைக்குரியது விலை மலிவான யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைதான். சேலத்துக் கோடை வெப்பத்திலும் மழைக்கால ஈரத்திலும் அதன் பிணைப்புகள் சிறிது சிறிதாக உடைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். கண், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றை எரிச்சலூட்டும் இந்த வாயுவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பீனால் பசையின் பிணைப்பு எளிதில் உடைவதில்லை என்பதால், லிக்னின் கலந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அதில் ஒட்டிய பலகை வெளிவிடும் வாயு மிகக் குறைவு.

ஆகவே சமையலறைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்திலான பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பலகையைக் கேளுங்கள், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடாதிருக்க வேண்டும் என்பது அதற்குரிய சோதனை. எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்கும்) தரப் பலகை தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது. பலகையின் வெட்டு விளிம்பைப் பார்த்தால், பீனால் பசை அடுக்குகளுக்கு இடையே கரும்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். சாயம் சேர்த்தும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியும் என்பதால், நிறத்தை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். தரம், ஈ-1 அல்லது ஈ-0 என்ற வாயு வெளியீட்டு வகை, லிக்னின் பசை என்ற கூற்று ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எழுதித் தந்தது பொய்யானால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

நல்ல பலகையை வாங்கிவிட்டு, ஆசாரி பயன்படுத்தும் கரைப்பான் கலந்த பசையையும் பாலிஷையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு அவையும் ஆகா. விளிம்புகளை முழுவதும் மூடச் செய்து, குடியேறுவதற்குச் சில வாரங்கள் முன்பே வேலையை முடித்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கை அறுக்கும்போது மரத்தூள் நிறைய சேர்கிறது. அதிலிருந்து லிக்னின் பசை எடுக்கும் சிறு இயந்திரம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். மரத்திலிருந்து லிக்னினைப் பிரிக்கக் காகித ஆலைகள் காரக் கரைசலில் சுமார் 170 டிகிரி செல்சியஸில், அழுத்தக் கலனுக்குள் வேகவைக்கின்றன. பிறகு கரைசலின் காரத்தன்மையைக் குறைத்தால்தான் லிக்னின் தூளாகப் படியும். இத்தனை செய்யும் ஆலைகளே பெரும்பாலும் அதைப் பிரிக்காமல் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. காரக் கழிவை மலைச்சரிவில் எங்கே விடுவது என்பதற்கும் அந்த விற்பனையாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மரத்தூளுக்கு எளிய வழி உண்டு. எரிபொருள் கட்டியாக அழுத்தும்போது வெப்பத்தில் தூளிலுள்ள லிக்னினே இளகி, ஆறியதும் பிடித்துக்கொள்வதால் தனியாகப் பசை தேவையில்லை. கட்டி தயாரிப்பவர்களிடம் முதலில் விலை விசாரியுங்கள். ஈரத் தூள் சரியாகப் பிடிக்காது என்பதால் காயவைத்துக் கொடுங்கள்.

கேள்வி: கூரை கான்கிரீட்டில் மேஸ்திரி பழுப்புநிறத் திரவம் ஒன்றை ஊற்றுகிறார். அது லிக்னின் என்கிறார்களே, கெடுதல் உண்டா?

பதில்: அது லிக்னினிலிருந்து கிடைக்கும் லிக்னோசல்ஃபோனேட்டாக இருக்கலாம், குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்கமாக்க நெடுங்காலமாகப் பயன்படும் பொருள். அளவு மீறினால் கான்கிரீட் இறுகத் தாமதமாகும். கேனில், கான்கிரீட்டில் சேர்க்கும் இத்தகைய பொருள்களுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 9103 இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு என்று அதில் அச்சிட்டுள்ளதை, மேஸ்திரி கைக்கணக்காக ஊற்றாமல், அளவுக் குவளையில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.