வருகிறவர் எதற்காக வருகிறார்? இணையதள வடிவமைப்பு கேள்வி பதில்

கேள்வி: முகப்புப் பக்கத்தில் எங்கள் பிரிவுதான் மேலே வர வேண்டும் என்று அலுவலகத்தில் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

அலுவலகத்துக்குள் வாக்கெடுப்பு வைத்தால் தீராது. தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டச்சு செய்கிறார்கள், உதவி எண்ணை அழைத்து எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். "பணம் எப்போது திரும்ப வரும்?" என்று கேட்டு வருகிறவருக்கு "நிதிச் சேவைகள்" என்ற மெனு எதுவும் சொல்லாது. உங்கள் பிரிவுகளின் பெயர் வெளியே இருப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: அக்கா, பயனர்களை வைத்துச் சோதிக்க எங்களிடம் பணம் இல்லை. ஐந்து பேர் போதும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம் தம்பி, ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். 2000-இல் இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதியது அது. ஒரு பயனர் சராசரியாக 31% சிக்கல்களை வெளிக்கொண்டு வந்தால், ஐந்து பேரிடம் சுமார் 85% வந்துவிடும். சராசரி என்பதால் உங்கள் தளத்தில் கூடக் குறைய இருக்கலாம். ஐந்து பேரோடு பார்த்து, திருத்தி, வேறு ஐந்து பேரோடு மறுபடி பார்ப்பதுதான் முறை. வாங்குபவர், விற்பவர் என்று இரண்டு வகையினர் இருந்தால் தனித்தனியாகப் பாருங்கள்.

செலவைவிட நடத்தும் விதம்தான் முக்கியம். "அமைப்புகளைத் திறந்து முகவரியை மாற்றுங்கள்" என்றால் வழியை நீங்களே காட்டிவிட்டீர்கள். "நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், அடுத்த பொருள் புது வீட்டுக்கு வர வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் எல்லோருக்கும் கஷ்டம். அவர் தடுமாறும்போது கை பரபரக்கும், காட்டிக்கொடுக்காதீர்கள். "இதை அழுத்தணுமா?" என்று கேட்டால், "அழுத்தினால் என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கடைசியில் "பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் "பிடிக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். விரல் எங்கே தயங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில்தான் பதில் இருக்கிறது.

கேள்வி: படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன காரணமாக இருக்கும்?

உங்கள் படிவத்தைப் பார்க்காமல் அறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முதலில் தொலைபேசி எண் பெட்டியைப் பாருங்கள். ஒருவர் எண்ணை நடுவில் இடைவெளி விட்டு அடிக்கிறார். படிவம் "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் காட்டி, நிரப்பியதை எல்லாம் அழித்துவிடுகிறது. இடைவெளியை நீக்க ஒரு வரி நிரல் போதும். அந்த வேலையை மனிதர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. பிழைச் செய்தி அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரட்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். பெட்டியின் பெயரைச் சாம்பல் எழுத்தில் உள்ளேயே வைக்காதீர்கள். தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும், எதை நிரப்புகிறோம் என்பதே மறந்துபோகும். பயன்படுத்தப் போகாத விவரத்தைக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: வெளிர் சாம்பல் எழுத்துதான் நாகரிகமாக இருக்கிறது என்கிறார் வாடிக்கையாளர்.

வெயிலில் நின்று கைப்பேசியில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளும் இணையதளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான உலகளாவிய வழிகாட்டுதல் டபிள்யூசிஏஜி. அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் சாதாரண எழுத்துக்கு #767676 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் வரை தேறும், அதைவிட வெளிறிய #999999 தேறாது.

கேள்வி: ஆங்கிலத் தளத்தின் வடிவமைப்பிலேயே தமிழைப் போட்டுவிடலாமா?

போட்டுப் பாருங்கள், பொத்தான்கள் பிதுங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட மறக்காதீர்கள். இல்லையென்றால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று திணறும்.

கேள்வி: பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலைக்குச் சில விலக்குகளோடு 24 பிக்சல் சதுரம் கேட்கிறது. ஆப்பிள் தன் திரை அளவு அலகில் 44 புள்ளிகள் என்கிறது. நான் 44-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: முகப்பில் தானாக நகரும் படங்கள் வைக்கலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். படித்து முடிப்பதற்குள் படம் மாறிவிடும், அழுத்தப் போனால் வேறொன்று வந்து நிற்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால், தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் நகர்வதை நிறுத்த வசதி கொடுங்கள். அந்த நிறுத்தும் பொத்தான் விசைப்பலகையிலும் வேலை செய்ய வேண்டும்.