எந்த விரல் மரக்கிறது?

இருசக்கர வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய 350 சிசி பைக்கில் மாதம் ஒருமுறை சென்னை – திருச்சி போய்வருகிறேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் வலது கை மரத்துவிடுகிறது. ஜெல் கிளவுஸ், ஃபோம் கிரிப் எல்லாம் போட்டாயிற்று. ஃபோம் போட்டபின் இன்னும் மோசம். கோளாறு வண்டியிலா, கையிலா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஃபோமுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் விரலைப் பார்த்திருக்கலாம். அடுத்த முறை மரக்கத் தொடங்கியதும் ஓரங்கட்டி, எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் அழுந்துவது அல்நார் நரம்பு. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் அது மேலாகவே ஓடுகிறது. உடம்பின் பாரத்தை அங்கே ஊன்றினால் முதலில் மாட்டுவது அதுதான். முழங்காலால் டேங்க்கை அணைத்து, பாரத்தை இடுப்புக்கும் கால்களுக்கும் மாற்றுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மீடியன் நரம்பு. பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கியே இருப்பதால் வருவது. ஐந்தும் சேர்ந்து மரத்தால் இறுக்கிப் பிடிப்பது, கிளவுஸ் ஸ்ட்ராப், தோளை அழுத்தும் பேக்பேக், எஞ்சின் அதிர்வு ஆகியவற்றில் தேடுங்கள்.

ஃபோம் கெடுத்ததற்குக் காரணம் பருமன். 22 மி.மீ. ஹேண்டில் குழாய்மேல் ரப்பர் கிரிப், அதற்குமேல் ஃபோம். சிறிய கை என்றால் விரல்கள் முழுதாகச் சுற்றி வராது, கூடுதலாக இறுக்குவீர்கள். கழற்றிவிடுங்கள்.

வலது கை மட்டும் மரப்பதற்குப் பலரிடம் காரணம் ஒன்றே. மூடிய திராட்டிலை (ஆக்சிலரேட்டர் பிடியை) பிடித்து அப்படியே முறுக்குகிறோம். வண்டி 80-ல் போகும்போது மணிக்கட்டு கீழே தொங்கி நிற்கிறது. ஒரே வேகம் வந்தபின் பிடியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மணிக்கட்டு நேராகும்படி பிடித்துக்கொள்ளுங்கள். திராட்டில் கேபிள் வறண்டு கனத்துப்போயிருந்தாலும் கை களைக்கும். எண்ணெய் விட்டு, கிரிப்பில் 2–3 மி.மீ. ப்ளே (கேபிளை இழுக்காமல் சும்மா சுழலும் அளவு) வைத்து, விட்டவுடன் தானாக மூடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லீவர் கோணம். செலவே இல்லாத வேலை. வழக்கம்போல் உட்கார்ந்து, கையை கிரிப்பில் வைத்து விரல்களை நீட்டுங்கள். முன்கை, புறங்கை, விரல்கள் ஒரே கோட்டில் வரும்போது லீவர் விரல்களுக்குக் கீழே இருக்க வேண்டும். லீவர் உயரமாக இருந்தால் அதில் விரல் வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு பின்னால் மடங்கும். லீவரை ஹேண்டிலோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை லூஸ் மட்டும் செய்து, சிறிது சிறிதாகக் கீழிறக்கி, மறுபடி முடுக்குங்கள். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது எஞ்சின் அதிர்வு. ராயல் என்ஃபீல்டின் பழைய 346 சிசி எஞ்சினில் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2020-ல் மீட்டியோர் பைக்கோடு வந்த 349 சிசி எஞ்சினில்தான் அது சேர்ந்தது. பழைய வண்டிக்கு, ஹேண்டில் முனையில் மாட்டும் கனமான பார் எண்ட் வெயிட் கைகொடுக்கும். அது அதிர்வை அழிப்பதில்லை. குழாய் அதிகம் அதிரும் வேகத்தை வேறிடத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பொருத்தும்போது வலது பக்கம் கிரிப்புக்கும் வெயிட்டுக்கும் நடுவே 1–2 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். உரசினால் திராட்டில் மூடாமல் சிக்கிக்கொள்ளும். அது கை மரப்பதைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி: திராட்டில் கிரிப்பில் மாட்டி, முறுக்கிப் பிடிப்பதற்குப் பதில் உள்ளங்கையால் அழுத்தும் பிளாஸ்டிக் பட்டை வாங்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: நான்குவழிச் சாலையில் நல்ல பொருள்தான். ஊருக்குள் நுழையும்போது மேலே திருப்பிவிடுங்கள். பிரேக் பிடிக்கும் பதற்றத்தில் உள்ளங்கை அதன்மேல் பட்டால் வண்டி சீறும்.

கேள்வி: செயின், பின் டயர் மாற்றியதிலிருந்து ஹேண்டிலில் புது அதிர்வு. மெக்கானிக் எஞ்சின் என்கிறார்.
– வாசகர், தேனி

பதில்: நீங்களே சோதிக்கலாம். காலியான சாலையில் 60-ல் போய், அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். அதிர்வின் தன்மை மாறினால் எஞ்சின் பக்கம். மவுண்ட் போல்ட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறாவிட்டால், கிளட்ச் பிடித்து உருளும்போதும் தொடர்ந்தால், சக்கரம் அல்லது செயின்.

செயின் தொய்வை ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாதீர்கள். பின் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுகி நிற்கும் இடத்தில் அளந்து, மேனுவலில் உள்ள தொய்வை வையுங்கள். டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் கோடு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா? ஒரு பக்கம் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

கேள்வி: தினமும் 40 கி.மீ. ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இப்போது இரவிலும் விரல் மரத்து விழித்துக்கொள்கிறேன். கிளவுஸ் மாற்றவா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம் அம்மா, மருத்துவரைப் பாருங்கள். ஓட்டாத நேரத்திலும் மரப்பது, டம்ளர் நழுவுவது, கட்டைவிரல் அடிச்சதை மெலிவது ஆகியவை நரம்பு நாளாக அழுந்தியிருப்பதன் அறிகுறிகள். சர்க்கரை, தைராய்டு இரண்டும் இதற்குக் காரணமாகலாம். அந்தப் பரிசோதனைகளையும் நரம்புக் கடத்தல் பரிசோதனையையும் பற்றிக் கேளுங்கள். அதுவரை மணிக்கட்டு மடங்காமல் தூங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டையில் நடுவே தகடு வைத்தது உதவும்.