காணாமல் போன இஃப்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கேண்டீன் கார்டு ரீடருக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் பொறுப்பு. கார்டில் பணம் ஏற்றும் இடத்தில் இரண்டு சோதனைகள் வைத்தேன். தொகை பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ என்றால் மறுப்பு. 'இருப்பு + தொகை < இருப்பு' என்று வந்தால், எண் வழிந்துவிட்டது, அதாவது கொள்ளும் உச்சத்தைத் தாண்டிவிட்டது, அதற்கும் மறுப்பு. பிழை தேட வைத்திருக்கும் டீபக் பில்டில் ஒழுங்காக ஓடியது. வேகத்துக்காகச் செதுக்கிய ரிலீஸ் பில்டில் இருப்பு மைனஸில் போகிறது. சிப்புக்குப் போகும் கட்டளைகளான அசெம்பிளியைத் திறந்து பார்த்தால் இரண்டாவது சோதனையை, அந்த 'இஃப்' வரியையே காணோம். ஆப்டிமைசேஷனை, அந்தச் செதுக்கலை, நிறுத்திவிடு என்கிறார் சீனியர். பாதுகாப்புக்கு எழுதியதை அழிக்க, புரோகிராமை சிப் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு யார் உரிமை கொடுத்தது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பினாங்கு)

தம்பிக்கு வணக்கம்.

உரிமை கொடுத்தது சி மொழியின் தரநிலைதான். குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் ஏற்கும்) முழு எண் வழிந்தால் என்ன நடக்கும் என்று அது வரையறுக்கவே இல்லை. ஆகவே, ஒழுங்கான புரோகிராமில் அப்படி வழியாது என்று வைத்துக்கொண்டு கம்பைலர் கணக்குப் போடுகிறது. தொகை பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்று உங்கள் முதல் சோதனையே அதற்குச் சொல்லிவிட்டது. வழியாத உலகில், இருப்போடு நேர்மத் தொகையைக் கூட்டினால் அது குறையவே குறையாது. அப்புறம் இரண்டாவது சோதனை எதற்கு? தூக்கிவிட்டது. கூடுதல் கவனத்தோடு எழுதிய முதல் வரிதான் இரண்டாவதற்கு உலை வைத்திருக்கிறது!

எண்களை வைத்தே பார்ப்போம். 32 பிட் எண்ணின் உச்சம் 2147483647. சென் கணக்கில் ஏறக்குறைய 21.5 மில்லியன் ரிங்கிட். கேண்டீனில் நாசி லெமாக் சாப்பிட யாரும் அவ்வளவு ஏற்றப்போவதில்லை. ஆனால் கார்டின் தரவை யாராவது திருத்தியிருந்தால்? இருப்பு 2147483600 என்றும் அதில் 50 ரிங்கிட், அதாவது 5000 சென், ஏற்றுவதாகவும் வையுங்கள். சாதாரண சிப்பில் விடை -2147478696 ஆகிவிடும். நீங்கள் பார்த்த மைனஸ் இப்படி வந்ததுதான்.

கூட்டிவிட்டு வழிந்ததா என்று கேட்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கூட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: 'இருப்பு > உச்சம் - தொகை'. உச்சத்திலிருந்து 5000 போனால் 2147478647. இருப்பு அதைவிடப் பெரியது, மறுத்துவிடலாம். தொகை நேர்ம எண் என்று ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் இந்தக் கழித்தலில் எதுவும் வழியாது. கம்பைலர் இதைத் தொடவும் முடியாது.

2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் அகப்பட்ட ஓட்டையும் இதே வரிசைப் பிழைதான். நினைவக முகவரியைக் காட்டும் பாயின்டர் வழியாக உள்ளே போய் ஒரு மதிப்பை எடுத்தார்கள். அடுத்த வரியில்தான் அந்தப் பாயின்டர் எதையும் காட்டாத வெற்று ('NULL') பாயின்டரா என்று கேட்டார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்றே, வெற்றாக இருக்க வாய்ப்பில்லை என்று ஜிசிசி என்ற கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கியது. சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், பெற அது வழியாகிப் போனது. அதன் பிறகு அந்த ஆப்டிமைசேஷனை அணைத்துத்தான் கெர்னலை பில்ட் செய்கிறார்கள்.

கடவுச்சொல்லை, நினைவகத்தைத் துடைக்கும் மெம்செட் கட்டளையால் அழிக்கும் வரி காணாமல் போவது வேறு ரகம். அங்கே வரிசை மாற்றிப் பயனில்லை, அதற்கென்றே சி மொழியின் சி23 தரநிலையில் மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட் வந்திருக்கிறது.

சீனியர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் பிழை அப்படியே இருக்கும், இன்றைக்கு வெளியே தெரியாது, அவ்வளவுதான். கம்பைலரை மாற்றும் நாளில் திரும்பி வரும். உங்கள் கம்பைலர் ஜிசிசி என்றால் '-எஃப்ராப்வி' (-fwrapv) என்ற ஆப்ஷன் கொடுக்கலாம். வழிந்த எண் உச்சத்திலிருந்து மைனஸ் பக்கமாகச் சுற்றி வரும் என்று அது உறுதி தருகிறது. பழைய கோடு நிறைய இருந்தால் அதுவே நல்ல காப்பு. ஆனால் யாராவது பில்ட் விதிகள் இருக்கும் மேக்ஃபைலில் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டால் காப்பும் போயிற்று.

அதற்காக கம்பைலர்காரர்களை நான் முழுதாக மன்னிக்கவில்லை. ஒருவர் எழுதிய சோதனையை அழிக்கும்போது ஒரு வார்னிங்காவது தர வேண்டாமா? 2013இல் எம்ஐடி ஆய்வாளர்கள் ஸ்டாக் என்ற கருவியைக் கொண்டு, லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போன்றவற்றில் இந்த வகைப் பிழைகள் 160ஐப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். உங்களுக்கு நடந்தது கற்றுக்குட்டித்தனம் இல்லை என்று சீனியரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: பணம் ஏற்றும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, கம்ப்யூட்டரில், இப்படி வரையறை இல்லாத செயல்களை ஓடும்போதே பிடிக்கும் '-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட்' (-fsanitize=undefined) போட்டு கம்பைல் செய்து, உச்சத்தை ஒட்டிய எண்களைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வழிகிற வரியின் எண்ணோடு சொல்லிவிடும். பணம் கழிக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.