900 டிகிரி உலைத் தட்டுக்கு 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தாங்கவில்லை. 316 போடலாமா, 310 போடலாமா?

கேள்வியின் சுருக்கம்: மின் உலை தினமும் 900 டிகிரி செல்சியஸுக்கு ஏறி இறங்குகிறது. உள்ளே வைக்கும் 304 தட்டு சில மாதங்களில் பொருக்கு உதிர்ந்து வளைந்துவிடுகிறது. மாற்றாக எது வாங்கலாம்?

316 வேண்டாம். 304-ஐவிட அதில் முக்கியமாகக் கூடியிருப்பது 2 முதல் 3 சதவீத மாலிப்டினம். உப்புத் தண்ணீரில் குழி விழாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை, சூட்டில் பொருக்கு உதிர்வதைத் தடுக்க அதனால் பயனில்லை. காற்று நகராத இடுக்குகளில் உருவாகும் மாலிப்டினம் ஆக்சைடு சுமார் 795 டிகிரியிலேயே உருகி, மேல்படலத்தையே தின்னத் தொடங்கும். கூடுதல் காசு கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை.

எஸ்.எஸ். சூட்டைத் தாங்குவது அதன் மேல் படியும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். 304-க்குக் காற்றில் சொல்லப்படும் வரம்பு, இடைவிடாத சூட்டில் 925 டிகிரி. ஏறி இறங்கும் சூட்டில் 870 மட்டுமே. உலோகம் ஆறும்போது படலத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால் படலம் வெடித்து உதிர்கிறது. அடுத்த முறை புதுப் படலத்துக்கு மறுபடியும் குரோமியம் செலவாகும். அது மேற்பரப்பில் தீர்ந்தபின் இரும்பே எரியத் தொடங்கும். 24 முதல் 26 சதவீதக் குரோமியமும் 19 முதல் 22 சதவீத நிக்கலும் உள்ள 310-க்கு இதே வரம்புகள் 1150, 1035. இரண்டுக்கும் நடுவில் 309 இருக்கிறது: 1095, 980. உங்கள் 900-க்கு 309S-உம் (S என்றால் கார்பன் குறைந்த வகை) ஓடும். உலையின் வெப்பமானி ஓரிடத்துச் சூட்டைத்தான் காட்டும், ஹீட்டர் கம்பிக்கு அருகே இன்னும் கூடும் என்பதால் என் தேர்வு 310S.

வளைவது வேறு நோய். அந்தச் சூட்டில் எந்த எஸ்.எஸ்.-உம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழந்து, சுமையின் கீழ் மெல்ல மெல்ல நீளும். 310S வாங்கினால் பொருக்கு நிற்கும், தொய்வு முழுதாக நிற்காது. அதற்குத் தட்டின் அமைப்பை மாற்ற வேண்டும். முழுத் தகட்டுக்குப் பதில் உருண்டைக் கம்பிகளால் கிராதி போடுங்கள். தாங்கிகளை நெருக்கி வையுங்கள். மெல்லிய தகட்டைச் சுற்றித் தடித்த ஆங்கிள் சட்டம் அடிப்பதுதான் பட்டறைகளில் வழக்கமான தவறு. தகடு முதலில் சூடாகி விரியப் பார்க்கும், சட்டம் விடாது, தகடு நடுவில் புடைக்கும். 900 டிகிரிக்கு ஏறும்போது ஒரு மீட்டர் 310S ஏறத்தாழ 16 மி.மீ. நீளும். ஒரு முனையை மட்டும் பிடித்து, மறுமுனைத் துளையை நீளவாட்டில் வெட்டி விடுங்கள். சுவருக்கும் தட்டுக்கும் இடையில் அந்த இடைவெளி இல்லையென்றால் செங்கலோ தட்டோ ஒன்று உடையும்.

310-க்கும் ஒரு குறை உண்டு. சுமார் 600 முதல் 900 டிகிரிக்குள் நெடுநாள் கிடந்தால் அதனுள் சிக்மா என்ற கடினமான படிவம் உருவாகும். சூடாக இருக்கையில் பெரிதாகத் தெரியாது. ஆறிய தட்டைக் கீழே போட்டால் விரிசல் விடும். ஆகவே வளைந்த பழைய தட்டை ஆறிய நிலையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். 1050 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சற்று நேரம் வைத்து விரைவாக ஆற்றினால் சிக்மா கரைந்துவிடும், பிறகு நிமிர்த்தலாம்.

உலை மின்சாரமாக இல்லாமல் கந்தகம் மிகுந்த எண்ணெயில் ஓடி, காற்றும் போதாமல் இருந்தால் கணக்கே மாறும். நிக்கலும் நிக்கல் சல்பைடும் சேர்ந்து 640 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அங்கே நிக்கல் அதிகமுள்ள 310 பாதகம். நிக்கல் அநேகமாக இல்லாத 446 மேல், ஆனால் பலம் குறைவு. எந்த உலையானாலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியால் தட்டைக் கட்டி உள்ளே வைக்காதீர்கள். உருகிய துத்தநாகம் எஸ்.எஸ்.-இன் நுண்ணிய படிக மணிகளுக்கிடையே புகுந்து பிளந்துவிடும்.

வெல்டிங்குக்கு 310 ராடுதான். முன்சூடு தேவையில்லை, கரண்டைக் குறைத்து, ஒரு வரி 150 டிகிரிக்குக் கீழே ஆறியபின் அடுத்த வரி போடுங்கள். சூட்டை ஏற்றினால் இந்த வெல்டு உறையும்போதே நடுவில் கீறல் விடும், வரி முடியும் குழியை நிரப்பாமல் விட்டாலும் அப்படியே. எண்ணெய், கிரீஸ், பெயின்ட் குறிகளை முன்பே துடைத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படியும் இணைப்பு வேண்டாம். இடுக்கில் பொருக்கு வளர்ந்து பிளக்கும்.

வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை: 304, 310 இரண்டிலும் ஒட்டாது, மாங்கனீசு கூடிய மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது. ஆலைச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், அதிலுள்ள ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) தகட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். துண்டாக வாங்கினால் எக்ஸ்ரே துப்பாக்கிச் சோதனை செய்து தரும் ஆய்வகத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள். நிக்கல் 19-க்குக் கீழே காட்டினால் 310 விலை கொடுக்காதீர்கள்.