போரில் தனியாக உயிர் பிழைக்கும் குழந்தையைப் பற்றிய படங்களில் உங்களை மிகவும் பாதித்தது எது?

'எம்பயர் ஆஃப் தி சன்'. 1987இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்தது. பின்னாளில் பேட்மேனாக வந்த கிறிஸ்டியன் பேல்தான் அந்தப் பையன். அப்போது அவருக்கு 13 வயது.

கல்லூரி நாட்களில் பார்த்தபோது விமானங்கள் மட்டும்தான் மனதில் நின்றன. போன வருடம் என் பத்து வயது மகளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் படம் வேறாகத் தெரிந்தது.

1941 டிசம்பர். பேர்ல் துறைமுகத் தாக்குதலை ஒட்டி, ஷாங்காயில் வெளிநாட்டவர்கள் வாழும் பகுதிக்குள் ஜப்பானியப் படை நுழைகிறது. தெருவெல்லாம் ஜனம். ஜிம் என்ற ஆங்கிலேயச் சிறுவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் இழுபடுகிறான். பொம்மை விமானம் கீழே விழுகிறது. அதை எடுக்கக் கையை விடுகிறான், அவ்வளவுதான். "பொம்மைக்காகவாப்பா விட்டான்?" என்று மகள் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் நானும் விட்டிருப்பேன்.

பிறகு அவன் வீட்டுக்கு வருகிறான். யாரும் இல்லை. அம்மாவின் அறையில் தரையெல்லாம் முகப் பவுடர் கொட்டிக் கிடக்கிறது. அதில் வெறுங்கால் தடங்களும் பூட்ஸ் தடங்களும். என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வேலை செய்த பெண் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகிறாள். "என்ன செய்கிறீர்கள்?" என்று எஜமான் பிள்ளையின் தோரணையில் கேட்கிறான். அவள் நிதானமாக அருகில் வந்து ஓர் அறை விடுகிறாள். எத்தனை வருடக் கணக்கோ!

இன்னொரு பையனாக இருந்தால் அழுதிருப்பான். இவன் பெரிய வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுகிறான், இருப்பதைத் தின்று தீர்க்கிறான். தீர்ந்ததும் தெருவுக்குப் போய் ஜப்பானியச் சிப்பாய்களிடம் "சரணடைகிறேன்" என்கிறான். யாரும் சட்டை செய்யவில்லை. கைதியாகக்கூட ஏற்றுக்கொள்ள ஆளில்லை! அப்புறம் ஓர் அமெரிக்கன் அவனை விற்கப் பார்க்கிறான். வாங்கவும் ஆளில்லை.

என்னைப் பாதித்தது அவன் படும் கஷ்டத்தைவிட, அதற்கு அவன் பழகிக்கொள்ளும் வேகம். பிறகு அடைபடும் ஜப்பானியக் கைதி முகாமில் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து ஒரு குட்டி வியாபாரியாகவே ஆகிவிடுகிறான். சிறைப்பிடித்தவர்களின் விமானிகளையே வணங்கி நிற்கிறான். பின்னால் அமெரிக்க மஸ்டாங் விமானங்கள் குண்டு போடும்போது கூரையில் ஏறிக் குதூகலிக்கிறான். மருத்துவர் இழுத்துப் பிடிக்கிறார். அந்த வெறி அடங்கிய நொடியில், அப்பா அம்மாவின் முகம் ஞாபகம் வரவில்லை என்கிறான். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

இது ஜே. ஜி. பாலார்ட் 1984இல் எழுதிய நாவல். அவரும் சிறுவனாக ஷாங்காயின் லுங்ஹுவா கைதி முகாமில் அடைபட்டவர்தான். ஆனால் நிஜத்தில் அப்பா, அம்மா, தங்கை எல்லாரும் கூடவே இருந்தார்கள். கதைக்காகப் பெற்றோரை விலக்கிவிட்டார். அவர்கள் பக்கத்தில் இருந்தும் தன்னைக் காப்பாற்ற முடியாத நிலையில் இருப்பதை ஒரு பிள்ளை பார்த்தால், அதுவும் ஒரு வகை அநாதைத்தனம்தானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டரை மணி நேரம், கொஞ்சம் நீளம். நாம் அழுவதற்கு முன்பே சில இடங்களில் இசை அழத் தொடங்கிவிடுகிறது.

கடைசிக் காட்சிக்கு அதையெல்லாம் மன்னிக்கலாம். போர் முடிந்து, பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோர்கள் ஓர் அறைக்குள் நுழைகிறார்கள். ஜிம்மின் அப்பா அவனைக் கடந்தே போகிறார், அடையாளம் தெரியவில்லை. அம்மாதான் கண்டுபிடிக்கிறாள். அவன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அந்நியப் பெண்ணைச் சோதிப்பதுபோல அவளுடைய உதட்டையும் முடியையும் தொட்டுப் பார்க்கிறான். அப்புறம்தான் தோளில் சாய்கிறான். திரையில் அவன் கண்கள் மட்டும், கிழவனுடைய கண்கள் மாதிரி, மெல்ல மூடுகின்றன.

"தூங்கிட்டானா?" என்று மகள் கேட்டாள்.