மோஹாக் விடுதிப் பள்ளியில் என்ன நடந்தது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், பிரான்ட்ஃபோர்டில் இருந்தது மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற அந்த விடுதிப் பள்ளி. ஆங்கிலிகன் திருச்சபையைச் சார்ந்த நியூ இங்கிலாந்து கம்பெனி என்ற மிஷனரி அமைப்பு அதை 1830களில் தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மொழியையும் பண்பாட்டையும் மறக்கச் செய்வதே அங்கு நடந்தது. தாய்மொழியில் பேசினால் அடி.

படிப்பு பாதி நாள்தான். மீதி நேரம் பண்ணை வேலை, துணி துவைப்பு, சமையல். தோட்டத்தில் ஆப்பிள் விளைந்தது, மாடுகள் பால் கறந்தன. பெரும்பாலும் விற்பனைக்குப் போயின. விளைவித்த பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் வெறும் ஓட்ஸ் கஞ்சி. இதை ஒழுக்கப் பயிற்சி என்று நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது. அது குழந்தை உழைப்புச் சுரண்டல்.

பிள்ளைகள் அடங்கிப் போகவில்லை. பலர் தப்பி ஓடினார்கள். 1903இல் மாணவர்களே கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கட்டடம் மறுபடி கட்டப்பட்டது. பள்ளி 1970இல்தான் மூடப்பட்டது. பிற்பாடு கட்டடத்தை இடிப்பதா என்று கேட்டபோது, சான்றாக நிற்கட்டும் என்று அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் பெருவாரியாகச் சொல்லிவிட்டார்கள்.