மகனுக்கு அம்மை, நாத்தனார் கர்ப்பிணி: முதலில் யாரைக் கவனிப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, எடை 20 கிலோ. நேற்று காலை முதுகில் நான்கைந்து நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. இன்று நெஞ்சு, முகம், தலைமுடிக்குள் என்று பரவிவிட்டது. காய்ச்சல் 101 டிகிரி. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை குளிப்பாட்டக் கூடாது, மருந்தும் கூடாது என்கிறார் மாமியார். ஆறு மாத கர்ப்பிணியான நாத்தனாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கும் என் கணவருக்கும் இதுவரை அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை. பையனை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் நாத்தனார். அவரை இன்றே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். போகுமுன் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காரக் கூடாது. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும் என்பதால், கிருமி அவரை ஏற்கெனவே எட்டியிருக்கும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை (ஐஜிஜி) செய்வார்கள். இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புச் சக்தி) ஊசியோ, குறிப்பிட்ட நாளிலிருந்து அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையோ தருவார்கள். ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது; கிருமி எட்டிய நாளிலிருந்து பத்து நாள் தாண்டினால் பயனில்லை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கக்கூடும். அதனால்தான் இந்த அவசரம். அவரைப் பையன் இருக்கும் அறைப்பக்கம் விடாதீர்கள். வேறு வீட்டுக்கு அனுப்புவதானால், அங்கே கைக்குழந்தையோ வேறு கர்ப்பிணியோ இருக்கக் கூடாது.

உங்கள் கணவருக்குத் தடுப்பூசி. கிருமி எட்டிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் போட்டால், நோய் வராமலோ லேசாகவோ போகும். நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. கர்ப்பிணிக்கு இந்தத் தடுப்பூசி கூடாது. இது அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லாததால், தனியாரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். பல வீடுகளில் விட்டுப்போவதும் அதனால்தான்.

இனி பையன். சிவந்த புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே இடத்தில் கலந்து தெரிந்தால் அது சின்னம்மை. உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் மட்டும் அதிகமாக இருந்தால் கை-கால்-வாய் நோயாக இருக்கலாம். மூக்கொழுகல், இருமல், கண் சிவப்போடு மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடித்து, பிறகு காதோரம் தொடங்கி நீரில்லாத தடிப்பு இறங்கினால் அது தட்டம்மை. எதுவானாலும் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்க்கட்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் உங்கள் பையனுக்கு ஒரு வேளைக்கு 6 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைப் பார்க்காமல் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆஸ்பிரின் கூடவே கூடாது: அது கல்லீரலையும் மூளையையும் பாதிக்கும் ரே நோய்க்குறியைத் தூண்டக்கூடும். புண்ணில் பாக்டீரியா கடுமையாகப் பரவும் அபாயம் இருப்பதால் இபுபுரூஃபெனும் வேண்டாம். அசைக்ளோவிர் எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர், ஆஸ்துமாவோ நாட்பட்ட தோல் நோயோ உள்ளவர்களுக்குத் தருவோம். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

மாமியார் வேப்பிலை கட்டிப் பிள்ளையைத் தனியே படுக்க வைப்பது நல்ல தனிமைப்படுத்தல். இளநீரும் மோரும் நல்லதே. குளியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் அரிப்பு கூடும். சொறிந்த நகம் வழியே சீழ் பிடிக்கும். தழும்பு அதனால்தான் நிற்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, காலமைன் லோஷன் தடவுங்கள். அரைத்த வேப்பிலை, மஞ்சளை உடைந்த புண்ணில் பூச வேண்டாம்.

நான்கு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, விட்டு மறுபடி வந்தாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் மயக்கமாகக் கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பள்ளிக்கு? எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டி, 24 மணி நேரம் புதிதாக ஏதும் கிளம்பாவிட்டால் அனுப்பலாம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அந்த நிலை வந்துவிடும். காய்ந்த பொருக்கிலிருந்து தொற்றாது. அது உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் இன்றே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அங்கேயும் கர்ப்பிணி ஆசிரியை இருக்கலாம்.